அம்மா செய்த ஸ்பீக்கர் பெட்டி

எங்கள் சொந்தபந்தத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பெரியப்பாவின் ரேடியோ செட்டு பாடியாக வேண்டும். பாடவில்லை என்றால் அந்த வீட்டில் விசேஷமே நடக்கவில்லை என்று ராஜபாளையத்தில் எங்கள் ஆட்கள் முடிவுகட்டிவிடுவார்கள். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எதுவானாலும் முதல் நாளே வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். ஏற்றுவது என் அப்பா. பெரியப்பா கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மேக்க திருப்புலே" என்பார். அப்பா திருப்புவார். அண்ணன் சொன்ன பக்கம் திருப்புவதிலேயே அப்பாவின் பாதி ஆயுசு போயிற்று.

அம்மா அந்த ரகம் இல்லை. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் அப்போதே பதினைந்து வருஷம் வேலை பார்த்திருந்தவள். அங்கே நாற்பது தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்குள்ள பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தே ஊர்வம்பு அத்தனையும் பேசி முடிப்பார்கள். வீட்டுக்கு வந்தும் அம்மா சத்தமாகத்தான் பேசுவாள். நாங்கள் அதைக் கோபம் என்று நினைத்துப் பாதி நாள் பயந்து கிடந்தோம்.

பெரியப்பா வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதைவிட்டு வெளியேறி, ஊருக்கு வெளியே இரண்டு அறை வைத்து வீடு கட்டியே தீருவேன் என்று அம்மா நின்றாள். கட்டியும் முடித்தாள். பெரியப்பாவுக்கு அது பெரிய தலைக்குனிவு. தம்பி, பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கிளம்புகிறான் என்று நாலு பேர் சொல்வார்களே. அவர் அப்பாவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "போறவுக போகட்டும். அந்த வீட்டுப் பால்காய்ச்சுக்கு என் செட்டு வராது. நீ ஒரு வயரத் தொட்டாலும் நமக்குள்ள அண்ணன் தம்பி உறவு அத்துப்போச்சுன்னு வச்சுக்கோ."

ஊரில் செட்டுப் போடுகிற மற்றவர்கள் எல்லோரும் பெரியப்பாவிடம் தொழில் கற்றவர்கள். ஒருத்தரும் வர மாட்டார்கள். பாட்டு இல்லாமல் பால் பொங்கினால், எங்களை ஒதுக்கிவைத்த விஷயம் ஊருக்கே பறையடித்த மாதிரிதான். அப்பா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அப்ப நமக்கு நாமளே ஒரு செட்டு செஞ்சுக்கிடுவோம்" என்றாள். எனக்குப் பதினோரு வயது. அவ்வளவு பெருமையான வாக்கியத்தை அதுவரை நான் கேட்டதில்லை.

ராஜபாளையத்தில் ஒரு வயர் வாங்கினால்கூட அரை மணி நேரத்தில் பெரியப்பா காதுக்குப் போய்விடும். எனவே அம்மாவும் நானும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஒரு சந்துக்குள் பழைய ரேடியோ, டிவி எல்லாம் வாங்கி விற்கிற கடை இருந்தது. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ட்வீட்டர் வாங்கினோம். ட்வீட்டர் என்பது உள்ளங்கை அளவு சின்ன ஸ்பீக்கர். ஜால்ரா, சலங்கை, பாடுகிறவர் சொல்லும் 'ஸ்' எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். பெரிய ஸ்பீக்கரை நான் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஒரு ஆள் குழந்தையா என்று எட்டிப் பார்த்தார்.

அப்பா அண்ணன் சொல்லை மீறவில்லை. வயரைத் தொடவில்லை, பலகையைத் தொடவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புது வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். "பெட்டிக்கு முக்கால் இஞ்ச் பிளைவுட்டு வேணும். மெல்லிசுன்னா அதிரும்," என்று சுவருக்குச் சொல்வார். பேசக் கூடாது என்று அண்ணன் சொல்லவில்லையே என்பது அவர் நியாயம். முதுகு காட்டிச் சொல்வது அம்மாவுக்குப் பிடிபடாது. என்னைப் பார்ப்பாள். நான் அவள் பக்கம் திரும்பி அதை அப்படியே ஒப்பிப்பேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் இல்லாவிட்டால் பெட்டியே இல்லை.

முதல் கோணல் வட்டத்தில் வந்தது. முன்பலகை மேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து, அதன் விளிம்பைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டாள் அம்மா. கோட்டின் மேல் வரிசையாக ஓட்டை போட்டு, சின்ன ரம்பத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறுத்தோம். அழகான வட்டம். ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தோம். அது அந்தப் பக்கம் போய்ப் பெட்டிக்குள் விழுந்தது. விளிம்பு உட்கார்வதற்கு மரம் விட்டு அறுக்க வேண்டும் என்ற புத்தி இரண்டு பேருக்கும் இல்லை. அப்பா சுவரைப் பார்த்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு பலக எடுத்தா," என்றாள்.

பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கிற சாமான் எங்களிடம் இல்லை. தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட பேண்டேஜ் சுருள்களை அம்மா கொண்டுவந்தாள். பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாள். இரண்டு நாள் எங்கள் ஸ்பீக்கர் பெட்டி, லாரியில் அடிபட்டவன் மாதிரி உடம்பெல்லாம் கட்டோடு வாசலில் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். சிரிக்கட்டும். மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. உள்ளே திணிக்க மில்லில் வேலை பார்க்கும் மாமா கழிவுப் பஞ்சு ஒரு பை கொடுத்தார்.

பாட்டுப் போட்டுப் பார்த்த அன்றுதான் வினை தொடங்கியது. டிவிடி பிளேயரில் சிடியைப் போட்டு நான் குதித்தேன். மேளம் நெஞ்சில் இடித்தது. அம்மா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"மேளமெல்லாம் சரி. பாடுறவ என்ன சொல்லுதான்னே தெரியலையே. மூடிப்போட்ட மாதிரி இருக்கு."

பஞ்சு கூடிவிட்டது என்று பாதியை எடுத்தோம். பத்தவில்லை. முழுதும் எடுத்தோம். மண்பானைக்குள் பேசுகிற மாதிரி ஆனது. திரும்பத் திணித்தோம். ஒரு வாரம் அம்மா வேலை முடிந்து வந்ததும் பெட்டியைப் பிரிப்பாள், நான் தும்முவேன். கடைசியில் ட்வீட்டர் செத்தது என்று கண்டுபிடித்தாள். அப்பா சுவரிடம், "ட்வீட்டரு நல்லாத்தான அடிக்கு," என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் அதை மட்டும் நான் அம்மாவிடம் எடுத்துச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மறுபடி அண்ணன் பயம் வந்துவிட்டது, வேலையைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். கடைக்காரர் இரண்டு ட்வீட்டரையும் மேசையில் வைத்து இணைத்தார். சலங்கைச் சத்தம் சிதறிக்கொண்டு வந்தது.

"யக்கா, நல்லாக் கேக்குதே."

"எங்க கேக்கு? உம்முன்னு இருக்கு."

அவர் சத்தத்தைக் கூட்டினார். வாசலில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அம்மா குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தாள், வாசலில் நின்றவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, உனக்குக் கேக்குதா?" என்றாள்.

கேட்டது. பல் கூசுகிற அளவுக்குக் கேட்டது. ஆனால் ஒரு கடைக்காரர், முன்பின் தெரியாத ஒரு ஆள், இரண்டு பேரும் சேர்ந்து என் அம்மாவைப் பொய்க்காரியாக்குகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காது மடல் சுட்டது. "கேக்கவே இல்லம்மா. செத்த ட்வீட்டரத் தந்து ஏமாத்துதாங்க," என்று கத்தினேன். கடைக்காரர் ட்வீட்டர்களைக் கழற்றினார். சின்னப் பிள்ளையிடம் என்ன வாதாடுவது என்று நினைத்தாரோ என்னவோ, வேறு இரண்டு ட்வீட்டரை எடுத்துக் கொடுத்தார். முந்தியதைவிடக் காட்டமானவை. பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை.

பால்காய்ச்சு அன்று விடிந்தும் விடியாமல் எங்கள் செட்டு பாடியது. ட்வீட்டர் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகை அம்மா கடைசிவரை திருப்பி வைத்திருந்தாள். சாமி பாட்டில் ஒவ்வொரு ஜால்ராவும் ஊசி மாதிரி வந்தது. வந்த சனம் பந்தலுக்குள் நுழையும்போதே கண்ணைச் சுருக்கியது. ஆனால் வந்தது. பாட்டுச் சத்தம் கேட்டு, கூப்பிடாத வீட்டிலிருந்தும் வந்தது. அம்மா பட்டுச்சேலையில் நின்று, "இப்பத்தான் தெளிவா இருக்கு," என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ராஜாங்கம் நடத்தினேன்.

பெரியப்பா வந்தார். வர மாட்டேன் என்றவர், ரோட்டில் போகும்போது சத்தம் கேட்டு நுழைந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்து என் பக்கம் கையை நீட்டினார்.

"தள்ளு பிள்ள. அந்த ட்ரெபிளக் குறைக்கணும், காதக் கிழிக்கு."

"முடியாது," என்று இரண்டு கையாலும் திருகுகளை மூடிக்கொண்டேன்.

அவர் அடுப்பருகே நின்ற அம்மாவை முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. பக்கத்தில் போய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அவள் பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீம்பு என்றால் இதல்லவா வீம்பு என்று எனக்குப் புல்லரித்தது. பெரியப்பா அவளையும் ஆம்ப்ளிஃபையரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவை என் ஸ்டூல் பக்கம் ஓரமாக இழுத்துக்கொண்டு வந்து, ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏலே, தறிச் சத்தம் அவ காதத் தின்னுட்டுலே. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டு."

நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றுவிட்டேன். "எங்கம்மாவுக்கு உங்களவிட நல்லாக் கேக்கும்! பொறாமையில பேசாதீக!" பந்தலே திரும்பிப் பார்த்தது. அந்த வயதில் யாரும் பெரியப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. எந்த வயதிலும் பேசியதில்லை. அவர் பால் வாங்கிக் குடிக்காமலே வெளியே போனார். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார், பிறகு ஏனோ இறக்கிக்கொண்டார்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு அம்மா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாராட்டு வாங்கப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒங்க பெரியப்பா என்ன சொன்னாக?"

"பாட்டு நல்லால்லன்னு சொன்னாரு. பொறாம."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

அவள் என் உதட்டையே பார்த்தாள். "நீ சொல்லு. எனக்குக் கேட்ட மாதிரிதான் உனக்கும் கேட்டுச்சா?"

காலையிலிருந்து என் இரண்டு காதுக்குள்ளும் வண்டு புகுந்த மாதிரி ஓர் இரைச்சல் ஓயவே இல்லை. "அதே மாதிரிதாம்மா," என்றேன்.

அம்மா சிரித்தாள். "பொறவென்ன," என்று எழுந்து, மறுநாள் வேலைக்குக் கட்டுகிற சேலையை எடுத்து உதறினாள். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்தத் தறிகளுக்கு நடுவில் நின்றாள். கடைசியில் மதுரையில் காது டாக்டரிடம் போனபோது, இதை முன்னாலேயே காட்டியிருக்கலாமே என்று அவர் சொன்னதை நான்தான் அவளுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன்.

பெரியப்பா முன்னால் ஸ்டூல் மேல் ஏறி நின்றதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அவருக்கு அது தேவைதான். எனக்குப் புரியாமல் போனது வேறு. கடையிலும் சரி, அன்று மத்தியானமும் சரி, அம்மா என்னிடம் சாட்சி கேட்கிறாள் என்றே நினைத்தேன். அவள் பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டாள், நான் சொன்னால் நம்புவாள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, அவள் கட்சியில் நின்றேன்.