பஸ்ஸுக்குப் பத்து நிமிசம் முன்னால

எங்க சம்பந்தி கந்தசாமிக்கு ஊடு வாழவந்தியில. எம் பொண்ணு மேகலாவை அவரு மவன் கார்த்திக்குக்குத்தான் குடுத்திருக்கறேன். பதினெட்டு வருசமா அந்த மனுசனுக்கு ஒரே வேலை. டி.வி.எஸ். வண்டியில டீ கேனைக் கட்டிக்கிட்டு, ஏற்காட்டுல கெளம்பி மலையைச் சுத்தி வர்ற காலை பஸ்ஸுக்கு முன்னால போவோணும். ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கறவங்கதான் அவருக்கு யாவாரம். நொம்ப முன்னால போயிட்டா ஸ்டாப்புல ஆளு வந்திருக்காது. பஸ்ஸு வந்து புடிச்சிருச்சுன்னா எல்லாரும் ஏறிப் போயிருவாங்க. அதனால பத்து நிமிசம், கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. பனி பேஞ்சாலும் முட்டி வீங்குனாலும் அப்படித்தான்.

அவரு சின்னப் பொண்ணு கீர்த்தனா சேலத்துல காலேஜ் படிக்குது. வியாழன் கிட்ட என்னமோ ஆராய்ச்சி பண்ணுதுன்னு இவரு ஸ்டாப்புல சொல்லப்போக, குரு பெயர்ச்சி பலன் சொல்ற படிப்புன்னு சனங்க ஜாதக நோட்டைக் கொண்டாந்து நீட்டிட்டாங்க. இல்லீங்கன்னு வெளக்கிச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்ல. ஏழு நோட்டை வாங்கி கப்புப் பையிலயே போட்டுக் கொண்டாந்தாரு.

கீர்த்தனா தலையில அடிச்சுக்கிச்சு. அது படிக்கறது கல்லுங்களைப் பத்தியாம். வியாழன் சூரியனைச் சுத்தற அதே தடத்துல அதுக்கு முன்னால ஒரு கூட்டம் கல்லு போவுதாம், பின்னால ஒரு கூட்டம் வருதாம். ட்ரோஜன்னு பேரு. ஒரு பக்கம் சூரியன் இழுக்குது, ஒரு பக்கம் வியாழன் இழுக்குது. எடவெளி கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் மறுக்கா சரியாயிருமாம். ஒரு சுத்துக்குப் பன்னெண்டு வருசம்.

சம்பந்தி முட்டியைத் தேச்சுக்கிட்டே கேட்டாரு. "அது எப்பக் கண்ணு நிக்கும்?"

"நிக்காதுங்கப்பா."

"பாவம்"ன்னாரு.

எம் பேத்தி சிவசக்தி பொறந்தது கிளியூர்ல எங்கூட்டுல. இப்பல்லாம் என்னைப் பாத்தா கையைக் காலை ஒதைச்சுக்கிட்டு சிரிக்குது, எனக்கு வேற வேலையே ஓடறதில்ல. ஆனா சம்பந்தி வந்தது மூணு தடவை, மூணு தடவையும் யாவாரம் முடிஞ்சு மத்தியானத்துல. புள்ளை தூங்கிட்டு இருந்துச்சு. முழிச்ச கண்ணை அவரு பாத்ததே இல்ல. ஒரு தடவையாச்சும் பாக்கோணும்னு போன்ல சொல்லிட்டே இருப்பாரு.

அஞ்சாம் மாசம் புள்ளையை அவங்கூட்டுல கொண்டுபோயி உடறப்ப, நல்ல நேரத்துக்கு அந்தக் காலை பஸ்ஸுதான் தோதாச்சு. நாங்க பஸ்ஸுல, அவரு பத்து நிமிசம் முன்னால. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு காலிக் கப்பைத்தான் பாத்தேன். நாங்க ஊட்டுக்குள்ள போறப்ப அவரு வாழவந்தியைத் தாண்டியிருப்பாரு, திரும்பி வர்றப்ப புள்ளை தூங்கியிருக்கும்.

கொட்டச்சேடு ஸ்டாப்புல வண்டியை ஓரமா போட்டுட்டு, கேனைக் கையில புடிச்சுக்கிட்டு சம்பந்தி நின்னுக்கிட்டு இருந்தாரு. பஸ்ஸுல ஏறுனாரு.

டிரைவர் பழனிசாமி என்னைக் கேட்டாரு, யாருங்க இதுன்னு. சொன்னேன்.

"இந்த ரூட்டுக்கு வந்து ஆறு வருசமா கப்பைத்தானுங்க பாத்திருக்கறேன், ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்"ன்னாரு.

சம்பந்தி எம் பக்கத்துல உக்காந்தாரு. எம் மடியில புள்ளை முழிச்சுத்தான் இருந்துச்சு. கையை நீட்டுனாரு, அப்பறம் இழுத்துக்கிட்டாரு.

"கை சில்லுன்னு கெடக்குதுங்க சம்பந்தி, நீங்களே வச்சுக்கங்க. நான் பாத்துக்கறேன்."

பாத்தாரு. அதுவும் கண்ணைக் கொட்டாம அவரைப் பாத்துச்சு. ஒரு சிரிப்பு வேற. "முழிச்சிருக்குது"ன்னு மெதுவா எங்கிட்டச் சொன்னாரு, எனக்குத் தெரியாத மாதிரி.

ரெண்டு வளைவு தாண்டல, தலை எந்தோள்ல சாஞ்சிருச்சு. அடுத்த ஸ்டாப்புல ஒரு எஸ்டேட்டுக்காரம்மா ஜன்னல்ல வந்து, டீயை வச்சுக்கிட்டு பஸ்ஸுல தூங்குனா நாங்க எங்கீங்க போறதுன்னு சத்தம் போட்டாங்க. புள்ளையை மேகலாகிட்டக் குடுத்துட்டு நானே ஊத்திக் குடுத்தேன். அவரு அசையல.

வாழவந்தியில ஆரத்தித் தட்டோட நின்ன சம்பந்தியம்மா பாப்பாத்தி, அவரை பஸ்ஸுக்குள்ள பாத்ததும் புள்ளையைக்கூட மறந்துட்டாங்க.

"ஏனுங்க, இவருக்கு ஒடம்புக்கு என்னாச்சுங்க?"

"ஒன்னுமில்லீங்க, தூங்கறாரு"ன்னேன்.