கோடு விழாத மரம்

போன மாதம் மூன்று இளவட்டங்கள் நீலாயில் இருக்கும் என் பஸ் பட்டறைக்கு வந்தார்கள். அடுத்த தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம்.

"ஆன்ட்டி, நீங்க நின்னா கண்ண மூடிக்கிட்டு ஜெயிச்சிரலாம் லா," என்றான் ஒருவன்.

அதில் பொய்யொன்றும் இல்லை. இந்த வட்டாரத்தில் பாதித் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போவது என் பஸ்கள்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் பேங்க் மேனேஜர் என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். நின்றால் ஜெயிப்பேன், அது எனக்கே தெரியும். தேத்தண்ணி கொடுத்து, முடியாது என்று அனுப்பி வைத்தேன். கிழவிக்குப் பயம் என்று வழியில் பேசிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கா பயம்? எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றாகிவிட்டது. அது போதும்.

அவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டார். லோரி பால் ஏற்றப் போயிருக்கிறது என்றார்கள். பாலை இறக்கிவிட்டு லோரி திரும்பியபோது பெரியப்பா இல்லை. அதற்கடுத்த வருஷம் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து பெரியம்மாவின் இடது கண் வெளுத்துப் போனது. வேறு ஒருத்தியாக இருந்தால் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். பெரியம்மா மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் பழைய பேப்பர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார். படிக்க வந்ததும் கேட்க ஆரம்பித்தார். தொழிலாளிகள் இருக்கும் லயத்து வீடுகளுக்கு ஏன் தண்ணீர்க் குழாய் இல்லை? நோயாளிக்கு ஏன் வண்டி இல்லை? பெண் வெட்டினால் பால் என்ன கறுப்பாகவா வருகிறது, சம்பளம் ஏன் குறைச்சல்? இப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

தோட்டத்து மானேஜர் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஜெயித்தால் நீ பெரிய ஆள், நான் வந்து கும்பிடுகிறேன். தோற்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

பெரியம்மாவுக்குக் கிடைத்த சின்னம் மரம். அப்போது தோட்டம் முழுக்க மரத்தைப் பற்றித்தான் பேச்சு. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்கான செம்பனை நடப்போகிறார்கள், செம்பனைக்கு அத்தனை பேர் தேவையில்லை. வெட்ட வேண்டிய மரத்தின் மேல் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவார். குறி விழுந்தால் அந்த மரம் செத்தது. பெண்கள் விடியலில் வேலைக்குப் போகும்போது தங்கள் நிரையில் குறி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்ப்பார்கள்.

லயத்துப் பலகைச் சுவர்களில் சுண்ணாம்பால் மரம் வரையும் வேலை சின்னப் பிள்ளையான எனக்கு. தோட்டத்திலேயே நான் வரைந்தவைதான் அழகு, இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எதிர்த்து நின்றவர் டவுன் காண்டிராக்டர், யானைச் சின்னம். அவருடைய ஆட்கள் ஒரு நாள் வந்து என் மரங்களின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி இழுத்துவிட்டுப் போனார்கள். பெண்கள் கொதித்துப் போய், சாயம் காயுமுன் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார்கள். அன்று கூட்டத்தில் பெரியம்மா சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"இது நம்ம மரம். இதும்மேல ஒரு பய கோடு போட விடாதீங்க. காப்பாத்திக் குடுங்க, போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் கடைசிவரை தட்டினேன்.

எங்கள் லயத்துப் பெண்களில் பலருக்கு குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை வந்தே கொஞ்ச காலம்தான். அதுதான் அவர்களுக்கு முதல் ஓட்டு. தீபாவளிச் சேலைகளை எடுத்துக் கட்டிக்கொண்டு லோரியில் நின்றபடி பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். சீட்டில் பெருக்கல் குறி போட வேண்டும் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் என்றும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

கடைசி லோரியில் போன என் அம்மாவும் மற்றவர்களும் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வர, பள்ளிக்கூடத்துக் கேட்டைச் சாத்தினார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கூடாரத்தில் பெரியம்மா நின்றிருந்தார், பக்கத்தில் நான். அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, உன் மரத்து மேல ஒரு பொட்டு மை படல. யானைய நடு மண்டையில போட்டுச் சாச்சுட்டேன்!"

"நானுந்தான்," என்றாள் இன்னொருத்தி. "நான் போட்ட பெருக்கல்ல தும்பிக்கையே காணாமப் போச்சு லா."

ஒரே சிரிப்பு. பெரியம்மா மட்டும், "எல்லாருமா?" என்று கேட்டார்.

"பின்ன? காலையில போனவளுங்களுக்கும் நாந்தானே சொல்லி அனுப்புனேன்!" என்றாள் அம்மா. அவள் முகம் அப்படிப் பூரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெரியம்மாவின் நல்ல கண், சாத்தியிருந்த கேட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அம்மாவின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்லா செஞ்சீங்கடி. வெயில்ல நின்னுட்டு வந்திருக்கீங்க, தேத்தண்ணி குடிங்க."

பெரியம்மா தோற்றார். எங்கள் தோட்டத்துப் பெட்டியிலேயே யானைக்குத்தான் ஓட்டு அதிகம். சொந்த லயமே அவளை நம்பவில்லை பார் என்று டவுனில் சிரித்தார்கள். பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று எங்கள் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். பெரியம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பின் டவுனுக்குப் போய், ஒரு கோப்பிக்கடையில் மங்குக் கோப்பைகள் கழுவினார். பின்னால் மரங்கள் விழுந்தன, லயம் காலியானது, நாங்களும் கிளம்பினோம். எங்கள் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம் அம்மா ஆரம்பித்துவிடுவாள், "நாங்க ஒருத்தி விடாம சரியாத்தான் போட்டோம், இல்லக்கா?" என்று. பெரியம்மா தலையாட்டுவார். சாகும்வரை தலையாட்டினார்.

எனக்கு வயது வந்து, முதல் முறை பென்சிலும் கையுமாகச் சீட்டின் முன் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை அசையாமல் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "சரியாப் போட்டியா?" போட்டேன் என்றேன்.

பெரியம்மா நின்ற தேர்தலில் ஓட்டுப் போட்ட அன்று தேத்தண்ணி முடிந்து, பெண்களெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே லோரி ஏறினார்கள். பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, வீட்டுக்குப் போனதும் உங்க செவுத்துல இருக்கிற மரத்தக் கழுவிடு. மானேஜர் பாத்தா அம்மாவ ஏசுவாரு."

ஓட்டுப் பெட்டியை இன்னும் திறக்கக்கூட இல்லை. நாளைக்கு ஜெயிக்கப்போகிறவர் இன்றைக்கே மரத்தை ஏன் அழிக்கச் சொல்கிறார்? எனக்கு ஒரே கோபம். அழுதுகொண்டேதான் தேய்த்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல மரம் அது.