ரோபோவுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மாம்பழ சீசன் முடிந்து, சித்தூர்ப் பழக்கூழ் ஃபாக்டரிகள் வாசனையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு அடங்கிப்போயிருந்த ஆவணி மாதம். பாதிச் சம்பவம் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரோட்டில் நடந்தது. மீதி, திருப்பதியில் ஒரு காலேஜ் ஹாலில் நடந்தது.

நான் லோடு வேன் ஓட்டுகிறவன். சீசனில் மாங்காய், மற்ற நாளில் செங்கல், மாட்டுத் தீவனம், கல்யாணப் பாத்திரம், எது வந்தாலும் ஏற்றுவேன். எனக்கு ஒரு தங்கச்சி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால் சும்மா இல்லை. எங்கள் சாப்பாட்டு அறையில் பாதியை வயரும் சால்டரிங் வாசனையுமாக ஆக்கி வைத்திருந்தாள். டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு ரோபோ செய்துகொண்டிருந்தாள்.

முதலில் அதற்கு மூன்று சக்கரம். தரையில் ஒட்டின கறுப்பு டேப் மேல் ஓடும். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் கூரியரில் நகம் அளவு ஒரு சில்லு வந்தது. செல்போனைப் படுக்க வைத்தால் படமும் சேர்ந்து படுத்துக்கொள்கிறதே, அந்த வேலையைச் செய்கிற சாமானாம். எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறோம் என்று அதற்குத் தெரியுமாம். அதைப் பொருத்திவிட்டு மூன்றாவது சக்கரத்தைக் கழற்றித் தூக்கிப் போட்டாள்.

"ஏய், அத்த ஏன் கழட்டின? ரெண்டு சக்கரத்துல எப்படி நிக்கும்? உழுந்துடும்."

"உழப்போறது அதுக்கே தெரியும்ண்ணா. அதனாலதான் உழாது."

நான் சிரித்தேன். ரெண்டு வாரம் அது விழுந்துகொண்டேதான் இருந்தது. ஒரு மதியம் நான் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தபோது ஏதோ சின்னதாக முனகுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். ஜன்னல் வெயில் விழுந்த இடத்தில் அது தனியாக நின்றுகொண்டிருந்தது. யாரும் பிடிக்கவில்லை. கூட்டமான பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறவன் எப்படி முன்னால் சாய்ந்து, விழப்போகும்போது தூக்கத்திலேயே நிமிர்வானோ, அப்படி நின்றது. கனவா நிஜமா என்று தெரியாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தங்கச்சியும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மதியம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது.

சண்டை அதற்கு அப்புறம் வந்தது. பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் திருப்பதிக்கு வருகிறார்கள், கையால் செய்த மெஷினை அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டலாம், பிடித்தால் அன்றைக்கே இன்டர்வியூ என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் தெருவில் அப்போதே பாதி வீட்டுக்குப் பூட்டு. என் கூடப் படித்தவர்களில் ஒருத்தன் சென்னையில், ரெண்டு பேர் பெங்களூரில், ஒருத்தன் நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை. பொங்கலுக்கு வந்து, பேன்ட் மடிப்புக் கலையாமல் சேரில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இவளும் போனால் வீட்டில் யாரோடு சண்டை போடுவது? அதை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. கத்தத்தான் வந்தது. கூழ் ஃபாக்டரி எடை மேடையில் கம்ப்யூட்டர் வேலைக்கு நான் பேசி வைத்திருக்கிறேன், அங்கே போனால் போதும் என்றேன்.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் கத்தாதீங்க. பக்கத்து ஊட்ல சீரியல் கேக்கல போல, நம்ம ஊட்டப் பாத்துக்கினு கீறாங்க."

தங்கச்சி ஒரே பேச்சாகச் சொன்னாள். "அது நின்னுச்சுன்னா நான் போறேன். நிக்கலைன்னா நீ சொன்ன எட மேடைக்கே போறேன். அப்புறம் யாரும் பேசக் கூடாது."

நானும் சரி என்றேன்.

கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி ஒருத்தரிடம் ரசமட்டம் வாங்கி வந்தாள். கட்டிட வேலையில் சுவரும் தளமும் மட்டமா என்று பார்க்கிற சாமான்தான், கண்ணாடிக்குள் நீர்க்குமிழி ஆடுமே, அது. மேஜையை மட்டம் பார்த்து, அதன் மேல் ரோபோவை வைத்து, ஒரு சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மூன்று செகண்டு. பச்சை விளக்கு எரிந்தது.

"இதுக்கு எது நேருன்னு நாமதான் சொல்லித் தரணும்ண்ணா. மூணு செகண்டு ஆடாம வெச்சா கத்துக்கும். அப்புறம் மறக்காது."

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நான் அப்போதும் பெங்களூரைப் பற்றிப் பொருமிக்கொண்டிருந்தேன். பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான் பார்த்தேன். வண்டிக்காரனுக்கு அது ஸ்டார்ட்டர்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். தங்கச்சி ரோபோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சித்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். ரோட்டில் பனி மாதிரி ஒரு மூட்டம். புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து வந்து பின்னால் போயின. எதிரே வண்டியே இல்லை. எங்கேயும் போகாமல், தூங்குகிற இவளைச் சுமந்துகொண்டு இந்த மூட்டத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

சந்திரகிரிக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு சின்ன அம்மன் கோயில். புது வண்டி எடுக்கிற டிரைவர்கள் எல்லாம் அங்கேதான் நிறுத்துவோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய். அப்புறம்தான் ரோடு. நான் வேனை நிறுத்தினேன். என் மனசில் ரெண்டு இருந்தது. இவள் போகக் கூடாது என்பது ஒன்று. எங்கள் வீட்டுச் சக்கரம் ஒன்று பூஜை போடாமல் வெளியூர் போகக் கூடாது என்பது இன்னொன்று. ரெண்டாவது ஜெயித்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. துண்டை மெதுவாக விலக்கி ரோபோவை எடுத்தேன். அம்மன் முன்னால் ரெண்டு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணித்தானே பூஜை போட வேண்டும்? சுவிட்சைப் போட்டு அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். இடது கையில் குழந்தையைப் போலச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கற்பூரம் காட்டினேன். நெருப்பு வயரில் பட்டுவிடக் கூடாது என்று மூச்சுக்கூட விடாமல் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். சுவிட்சை அணைத்து, சக்கரங்களைப் பழத்தின் மேல் ஏற்றி நசுக்கி, சட்டை நுனியில் துடைத்து, பழையபடி அவள் மடியில் வைத்தேன். பொட்டுகூட வைக்கவில்லை, தெரிந்தால் திட்டுவாள் என்று. பேருக்கு ஒரு தேங்காயும் உடைத்தேன். மலை மேல் அப்போதுதான் வெளிச்சம் விழுந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ஹாலில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று வாய்ப்பு. தொடாமல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அப்புறம் நடக்க வேண்டும். தங்கச்சி முறை வந்தது. தரையில் வைத்துக் கையை எடுத்தாள். ரோபோ வெறி பிடித்ததுபோல ஒரே பக்கமாக ஓடிப்போய் மேடைச் சுவரில் மோதி விழுந்தது. சிரித்தார்கள். ரெண்டாவது தடவையும் அதேதான்.

நான் எழுந்து கத்தினேன். "தரையே கோணலா கீது! இதுல எது நிக்கும்?" அங்கே நின்ற வாலன்டியரின் சட்டையைப் பிடிக்காத குறை. அடுத்து வந்த ஒருத்தருடைய ரோபோ அதே தரையில் ஆடாமல் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தங்கச்சி ஒரு மூலையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பேட்டரியை மாற்றினாள். வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து வந்த அம்மா ஒருவர், காட்டன் புடவை கட்டினவர், அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சென்சார் செட்டிங் செய்த பிறகு யாராவது தொட்டார்களா என்று தெலுங்கில் கேட்டார்.

"லேது மேடம்" என்றாள். ரசமட்டம் வைத்து நேற்றுத்தான் செட் செய்தேன், என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், வேனில் எங்கள் அண்ணனைத் தவிர யாருமே இல்லை என்று தெலுங்கிலேயே சொன்னாள். 'எங்கள் அண்ணனைத் தவிர' என்று அவள் சொன்னது சந்தேகத்தால் இல்லை. என்னை ஆளாகவே சேர்க்காத அளவு நம்பிக்கை.

முந்தின நாள் அவள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. மூணு செகண்டு ஆடாம வெச்சா கத்துக்கும். நான் ஆடாமல்தான் பிடித்திருந்தேன். சாய்த்துப் பிடித்திருந்தேன். என் கையில் இருந்த சாய்வைத்தான் அது நேர் என்று கற்றுக்கொண்டு, நேற்றுச் சொன்னதை அழித்துவிட்டது.

வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். கையை முகர்ந்தால் இன்னும் எலுமிச்சை வாசம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவளே வந்து வேனில் ஏறுவாள். அடுத்த வாரம் எடை மேடைக்குப் போவாள். பொங்கலுக்கு வீட்டில் இருப்பாள். நான் கேட்டது எல்லாம் நான் கேட்டபடியே நடக்கும். தூரத்தில் மலை வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. அந்த மர நிழலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஜன்னல் வெயிலில் தூங்கியபடியே நின்ற அந்த மெஷினும், அதையே பார்த்துக்கொண்டிருந்த இவளும்தான் கண்ணுக்குள் இருந்தார்கள்.

உள்ளே போனேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். "நான்தான் தொட்டேன். நீ தூங்கிக்கினு இருக்கும்போது பட்டன அமுக்கிட்டேன்."

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்னே பண்ணியாண்ணா?"

அந்தக் கேள்வி எனக்கு நியாயமாக வரவேண்டியதுதான். அத்தனை நாள் கத்தினவன் நான். "இல்ல. பூஜ போட்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சேன்."

ஹால் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "அன்னா, டெங்காய கூடா கொட்டாவா?" என்று கேட்டான். தேங்காயும் உடைத்தாயா என்று. "கொட்டானு" என்றேன். உடைத்தது உண்மைதானே. இன்னும் சிரித்தார்கள்.

தங்கச்சி சிரிக்கவில்லை. ரோபோவைக் கவிழ்த்துச் சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவில் நகத்தை விட்டாள். ஒரு எலுமிச்சை விதை வந்தது. உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"பரவால்ல, மறுபடி கத்துக் குடுக்கலாம். ஆனா ரசமட்டம் ஊட்ல கீதே" என்றாள்.

அது என் வேலை. பாதித் தண்ணீர் இருந்த பாட்டிலை வாங்கி மேஜை மேல் படுக்க வைத்தேன். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. குனிந்து, என் சட்டைப் பையில் இருந்த டிரிப் ஷீட்டை மடித்து மேஜைக் காலுக்கு அடியில் செருகினேன். மறுபடி பாட்டிலைப் பார்த்தேன். இன்னொரு மடிப்பு. பாட்டிலைக் குறுக்கே திருப்பியும் பார்த்தேன். தண்ணீர் மட்டமாக நின்றது. அவள் பெங்களூர் போவதற்கு முட்டுக்கொடுத்தது நான்தான்.

ரோபோவை வைத்தாள். "யாரும் ஆடாதீங்க" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினாள். சிரித்துக்கொண்டிருந்த ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். மூன்று செகண்டுதான். எனக்கு அது விடியற்காலை மூட்டத்துக்குள் ஓடின அந்த ரோடு அளவுக்கு நீண்டது. பச்சை விளக்கு எரிந்தது.

தரையில் வைத்தாள். கையை எடுத்தாள். முன்னால் கொஞ்சம் சாய்ந்தது, பின்னால் கொஞ்சம் சாய்ந்தது, அப்புறம் நின்றது. அதே பஸ் தூக்கம். ஒரு நிமிஷம் கழித்து, தூக்கத்தில் நடக்கிற மாதிரி மெதுவாக என் பக்கம் நடந்து வந்தது.

இன்டர்வியூ சாயங்காலம் வரை நடந்தது. திரும்பும்போதும் அவள் தூங்கிவிட்டாள், மடியில் ரோபோவோடு. நான் எங்கேயும் நிறுத்தவில்லை. ஒரு மாதத்தில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ரோபோவை வீட்டிலேயே விட்டுப் போனாள். "எது நேருன்னு அதுக்குத் தெரியும். நீ பட்டன மட்டும் தொடாதண்ணா" என்று பஸ் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

தொடவில்லை. இன்றைக்கும் அது டிவி மேல்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் வாய் முதலில், மூளை பிறகு. ஆனால் அந்த ஹாலில், நான் கேட்டதெல்லாம் கை நழுவிப் போகிறது என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்ற மூன்று செகண்டுதான், என் வாழ்நாளில் நான் நேராக நின்ற நேரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.