பன்னிரண்டு மணிக்குள் அசல்

விக்னேஸ்வரி பிறந்த மாதமே அவளுடைய பிறப்புப் பத்திரம் தோட்டத்து ஆபீஸின் இரும்பு அலமாரிக்குப் போய்விட்டது. தொழிலாளர் லைன் வீடுகளின் தகரக் கூரை ஒழுகும், காகிதம் பூஞ்சை பிடிக்கும். அதனால் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அசல் காகிதங்களை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சசிதரனிடம் கொடுத்துவிடுவார்கள். கேட்டால் நகல் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுத் தருவார். பள்ளிக்கூடமும் கிளினிக்கும் அதை மறுத்ததே இல்லை.

ஐந்தாம் படிவத் தேர்வில் கணிதத்திலும் பௌதிகத்திலும் அவள் ஏ வாங்கிய சான்றிதழும் அங்கேதான் போனது. பிறகு தேயிலை பேக்டரியில் சலிக்கும் இயந்திரத்தருகே பத்து வருடம் நின்றாள். விமானிப் பயிற்சிக்கு இரண்டு முறை ஆன்லைனில் பதியப் பார்த்தாள். லைனில் சிக்னல் கிடைப்பதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. மூன்றாவது முறைதான் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் நேர்முகத் தேர்வு, யாரும் நேரே வரலாம் என்று அறிவித்தார்கள். வயது வரம்பு இருபத்தெட்டு. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தொன்பது.

அறிவிப்பில் சான்றிதழுக்கு 'அசல், அல்லது சான்றளிக்கப்பட்ட நகல்' என்றிருந்தது. வியாழக்கிழமை அவள் கிராணியிடம் போனாள்.

"ஒரிஜினல் மலை எறங்க வேணாம்மா. பஸ்ல தொலைஞ்சா யாரு பதில் சொல்றது? நான் சீல் வச்சுத் தரேன். ரெண்டாவே வச்சுக்க."

இரண்டு நகல்களோடு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் முறை வந்தது. மேசையிலிருந்த தமிழ்ப் பையன், தனேஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான், முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது யாரு சீல் சிஸ்டர்?"

"எங்க கிராணியோடது."

"கிராணின்னா?"

"தோட்டத்து ஆபீஸ்ல..."

"தேயிலைப் பொட்டிக்குக் குத்துற சீலா?" மேசையில் அவன் பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். "அரசாங்க ஆபீசர், இல்லாட்டி ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேணும் லா."

தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர் தர்மாவின் வீடு அவள் லைனிலிருந்து பத்து நிமிட நடை. பள்ளி விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவர் வீட்டில்தான் இருந்தார். பஸ்ஸுக்குப் போகும்போது கையசைத்தார்கூட.

அவளுக்கு முன்னால் நின்றவனும் அசலை மறந்திருந்தான். அவன் அப்பா காரில் பக்கத்திலுள்ள சுபாங்கிலிருந்து கொண்டுவந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் பன்னெண்டு மணிக்குள்ள கொண்டாந்து குடுங்க, எடுத்துக்குறோம்," என்றான் தனேஸ். "எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

மலையிலிருந்து கார் வேகமாக வந்தாலே நாலு மணி நேரம். ஆனாலும் அவள் போகவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்தே காலுக்கு அந்த அப்பா ஓடி வந்தார். அவர் மகன் உள்ளே போனான். பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்தினார்கள்.

"அடுத்த வருசம் வாங்க சிஸ்டர்."

"அடுத்த வருசம் எனக்கு வயசு இல்ல."

"ஓ," என்று அவன் மேசைத் துணியை மடித்தான்.

திங்கட்கிழமை அவளும் அம்மா மலரும் ஆபீஸுக்குப் போனார்கள். அசலைக் கொடுங்கள் என்று மட்டும் விக்னேஸ்வரி கேட்டாள். கிராணி அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை உருவிக் காட்டினார்.

"பாரும்மா, ஒரு கறை உண்டா? புதுசு மாதிரியே வச்சிருக்கேன்."

அவள் கை நீட்டினாள். அதற்குள் மலர் முந்திக்கொண்டாள்.

"நீங்களே வச்சிருங்க ஐயா. வீட்ல ஒழுவுது."

கிராணி அதை உறைக்குள் போட்டுப் பூட்டினார். பேக்டரிச் சங்கு ஊதியது.