உப்பில்லாக் காவடி

என் பெயர் சிங்காரம். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிறவன். வருசம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுப்பேன். சொல்லிக்கொள்ள எனக்கிருந்த பெருமை அது ஒன்றுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றில் அதற்கும் ஆபத்து வந்தது.

"பிரஷர் இப்படி ஏறிக்கினு இருந்தா மலையேறக் கூடாது. மாத்திரை மட்டும் போதாது, உப்பைக் குறைங்க" என்றார் தர்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மா மனோரமா.

ஊறுகாய் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பழியை ஆஸ்பத்திரி மேல் போட்டேன்.

"உங்களப் பார்த்த பயத்துல ஏறுதுங்கம்மா. வீட்ல பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

"அப்ப வீட்லயே பாருங்க" என்று பிரஷர் பெட்டியையே கொடுத்தனுப்பிவிட்டார். தினமும் காலையில் பார்க்க வேண்டும், இறங்கினால்தான் காவடி. நர்சம்மா காஞ்சனா என் வீட்டுக்காரி தாயம்மாளுக்குப் பழக்கிவிட்டார்.

பெட்டிக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். தாயம்மாள் என் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, காதில் குழாயை வைத்துக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த அதே பிரஷர்.

"இங்க டாக்டரம்மா இல்லியே, இப்ப யாரப் பார்த்துப் பயம்?"

"உன்னப் பார்த்துதான்."

பட்டையை இன்னும் இறுக்கினாள்.

பிறகு காவடி விரதம் தொடங்கினேன். எங்கள் வழக்கப்படி ஒருவேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல். நாளாக ஆக பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. தெருவெல்லாம் போய், "முருகன் இறக்கிட்டாரு" என்று சொல்லி வைத்தேன்.

தாயம்மாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவும் அளந்து பார்த்து, "என்ன பண்ணீங்க?" என்றார்.

"எல்லாம் அவன் செயலுங்க."

"ஆங், விரதத்துக்கு உப்பே சேர்க்கறதில்லீங்க" என்று தாயம்மாள் போட்டு உடைத்தாள்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இதத்தானேய்யா ஒரு வருசமா நான் சொல்லிக்கினு இருக்கேன்! போங்க, மெதுவா ஏறுங்க."

ஏறினேன். சன்னதியில் கண்ணீர் வழிய நின்றேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். மனசோ வீட்டு ஜாடியில் இருந்த எலுமிச்சை ஊறுகாய்க்குப் போயிருந்தது. முருகனுக்குத் தெரிந்ததோ என்னவோ, தாயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்று வாய்விட்டே வேண்டினாள்.

"முருகா, அடுத்த கிருத்திகைக்கும் இவரு காவடி எடுக்கணும். அதுவரைக்கும் இவரு இலையில உப்பும் ஊறுகாயும் வைக்க மாட்டேன். உனக்கு நேர்ந்துகினேன்."

டாக்டர் சொன்னதென்றால் தட்டிவிடலாம். இது சாமிக்கு நேர்ந்தது. வீடு திரும்பியதும் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவனும் நான்தான்.