முன்சீட்டு அப்பளம்

என் மைத்துனன் தன் வண்டியைக் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும், பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார். "என்ன வே, தேரு நம்ம தெருவுக்குத் தனியா வந்திருக்கு?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி எங்கள் வாசலை முழுவதும் அவர் வாசலைப் பாதியும் அடைத்துக்கொண்டு நின்றது. அவர் மனைவி காலையில் போட்ட கோலத்தின் மேல் முன்சக்கரம் ஏறியிருந்தது.

மைத்துனனுக்குத் திருநெல்வேலியில் கம்பி, சிமென்ட் வியாபாரம். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த உயரமான சொகுசு வண்டியை வாங்கினான். இப்போது இன்னும் நன்றாக நடப்பதால் இதைவிடப் பெரியதை வாங்கப் போகிறான். "அத்தான், யாரோ ஒருத்தனுக்குக் குடுக்கதுக்கு நீங்களே எடுத்துக்கிடுங்க. ஒரு வாரம் வச்சு ஓட்டிப் பாருங்க. அக்காவுக்குச் சரிப்பட்டா பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, என் பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

நான் அப்பள டிப்போ வைத்திருப்பவன். ஒரு சாலை எப்படி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கடையில் இறக்கிக் கட்டைப் பிரித்தால் உடைசல் சொல்லிவிடும். முன்பெல்லாம் சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனவள் என் மனைவிதான். அவள் ஓட்டிப்போனால் உடைசல் குறைவு என்று கடைக்காரர்கள் என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதை நான் வீட்டில் சொன்னதில்லை.

போன வருடம் அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகியது. இடுப்பில் தொடங்கும் வலி இடது காலில் குதிகால்வரை இறங்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் உயிர் போகிறது என்றாள். ஓட்டுவது நின்றது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வருவதும் நின்றது. சேரன்மகாதேவிவரை போய் வந்தாலே மறுநாள் எழுந்திருக்க முடியாது. நடக்கலாம், உட்காரலாம், குலுங்கத்தான் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. அவளை ஆழ்வார்திருநகரியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நாங்கள் ஆற்றின் மேல்கோடி, அவள் கீழ்கோடி. சம்பந்தி வீட்டில் வளைகாப்பு நடத்தி, வளையல் போட்ட கையோடு அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மனைவி மறுபடியும் டாக்டரிடம் போய் நின்றாள். "குலுங்காத வண்டி கெடச்சா போயிட்டு வாங்கம்மா" என்று அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போவாம நீங்க மட்டும் போயி அவள அழைச்சிட்டு வந்தியன்னா, எனக்குச் சாவுத வரைக்கும் மனசு ஆறாது" என்றாள். லேசில் அழுகிறவள் இல்லை. அன்று அழுதாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு டிப்போவில் எந்த வேலையும் ஓடவில்லை.

ஆகவே அந்த ஒரு வாரமும் நான் வண்டியை எடை போட்டதெல்லாம் அவள் முதுகை வைத்துத்தான். மற்ற நிறைகுறைகள் தாமாக வந்து சேர்ந்தன. நிறை என்றால், குளிர்ச்சி. வெளியே திருநெல்வேலி வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே குற்றாலத்துச் சாரல். கையில் அப்பளக் கட்டோடு நின்றுகொண்டு பின்பக்கம் காலை நீட்டினால் கதவு தானே மேலே தூக்கிக்கொள்ளும். டிப்போவில் வேலை பார்க்கும் பெண்கள் இதைப் பார்ப்பதற்காகவே என்னைத் திரும்பத் திரும்பக் காலை நீட்டச் சொன்னார்கள். நானும் நீட்டினேன். உயரத்தில் உட்கார்ந்து போவதில் ஒரு சுகம் இருப்பதையும் மறைக்க மாட்டேன். இத்தனை வருடமாகச் சுவராக மட்டும் பார்த்துக்கொண்டு போன வீடுகளுக்குள் தென்னையும் கிணறும் இருப்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

குறையும் கொஞ்சமில்லை. வண்டியின் எச்சரிக்கை மணி மாட்டைக் கண்டால் கத்தும், சைக்கிளைக் கண்டால் கத்தும், காயப்போட்ட அப்பளப் பாயைக் கண்டால் அடித்தொண்டையில் கத்தும். தெருமுனையில் திரும்ப வேண்டுமென்றால் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், அதற்குள் பால்காரர் இறங்கி எனக்கு வழி சொல்ல ஆரம்பித்திருப்பார். டீசலைக் குடிக்கிற குடியைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. உளுந்து மண்டிக்கு அதில் போனது நான் செய்த மடத்தனம். எப்போதும் பேரத்துக்குப் பிறகு கொஞ்சம் இறங்கி வரும் மண்டிக்காரர், வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல வந்து இறங்கிட்டு நீங்க வெலையப் பத்திப் பேசலாமா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலாக இருந்தது கிளட்ச் இல்லாததுதான். கியர் தானே மாறிக்கொள்கிறது. என் இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது. "எடது காலுக்கு வேலையே இல்ல பாத்துக்கோ. இது என்ன வண்டி? ஆம்பளையச் சும்மா உக்கார வச்சிருக்கு" என்று வீட்டில் வந்து புலம்பினேன். மனைவி உளுந்து மாவைப் பிசைவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு, "ஒங்களுக்கு எதுலதான் திருப்தி" என்றாள்.

குலுங்குமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவளை உட்காரவைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது. சோதனை தவறினால் வளைகாப்புக்கே போக முடியாமல் படுத்துவிடுவாள். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். கட்டுப்போடும் பதத்தில் இருக்கிற அப்பளம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது சோதனைக்கு ஆகாது. மொட்டைமாடியில் மறந்து கிடந்து சருகாகக் காய்ந்த அப்பளம்தான் நியாயம் சொல்லும். அதை ஓலைப்பெட்டிகளில் தளர்வாக அடுக்கி, முன்சீட்டில் ஒன்று, நடுவரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெல்ட்டும் போட்டுவிட்டேன். கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு பாதை உண்டு. டிராக்டரே யோசித்துத்தான் போகும். அதில் போய்த் திரும்பினேன்.

முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அத்தனையும் காலையில் இட்டதுபோல வட்டம் வட்டமாக இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் கால்வாய்க் கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவரிசையில் பாதி விரிசல். கடைசி வரிசைப் பெட்டியில் இருந்ததை ரசத்தில் தூவலாம்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்ற மனைவி, முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டிருந்த ஓலைப்பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என்னது இது? என் எடத்துல அப்பளத்த உக்கார வச்சு ஊரச் சுத்திக் காட்டிட்டு வாரியளா?"

"ஒனக்காகத்தான்ட்டி. ஒண்ணுகூட ஒடயல. நீ முன்னால உக்காந்தா வலிக்காது."

பெட்டியைத் திறந்து, வியாபாரிக்குரிய சந்தேகத்தோடு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அதில் சர்க்கரை தாராளமாக இருந்தது. ராத்திரி, அக்கா சொல்லிக் கேள்விப்பட்ட மைத்துனன்தான் போனில் கத்தினான். தோல் சீட்டில் பெருங்காய வாடை ஏறினால் உலகத்தில் எந்த மருந்துக்கும் போகாதாம்.

ஏறுவதற்குத்தான் உயரம் தடையாக இருந்தது. டிப்போவில் பெண்கள் உட்கார்ந்து அப்பளம் இடும் மரப்பலகைகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்துப் படியாக்கினேன். அதை வைத்து, "பைய, பைய" என்று எல்லோரும் சொல்ல, அவள் ஏறி உட்கார்ந்தாள். வளைகாப்பன்று விடிந்ததும் கிளம்பினோம். பட்டமடை தாண்டும்வரை நான் சாலையைப் பார்த்ததைவிட அவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். "முன்னால பாத்து ஓட்டுங்க, நான் ஒடஞ்சா சொல்லுதேன்" என்றாள். கருங்குளம் பக்கம் வாழைத் தோப்புகள் வந்ததும், குலை தள்ளியது எது, தள்ளாதது எது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆழ்வார்திருநகரியில் பலகை போட்டு இறக்கியபோது, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்து, "ஒண்ணுஞ் செய்யல" என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மகளுக்கு முதல் வளையலை மனைவிதான் போட்டாள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டோம். சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும், ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று சம்பந்தியம்மா அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வண்டிக் கதவைத் திறந்தபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. வரும்போது ஒரு முதுகுதான். போகும்போது ஒரு முதுகும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும். குலுங்காத சீட்டோ ஒன்று.

"நீ முன்னால உக்காருட்டி. வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டுப் பின்னால வரப்படாது" என்றாள் மனைவி.

"எனக்கு ஒண்ணுஞ் செய்யாதும்மா. நீ பின்னால ஏறினன்னா, அப்புறம் எம் பிரசவத்துல நான்தான் ஒன்னயப் பாக்கணும்" என்றாள் மகள்.

இருவரும் பிடித்த பிடியை விடவில்லை. மனைவியை இங்கே விட்டுவிட்டு நாளைக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எம் மகள எங்கூடத்தான் அழைச்சிட்டுப் போவேன்" என்று குரல் உடையச் சொன்னாள். சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

மகள்தான் கேட்டாள். "ஏம்ப்பா, நீங்க உக்காருத சீட்டு குலுங்குமா?"

அந்தச் சீட்டைச் சோதிக்கவே இல்லை. அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேனே! அதுவும் முன்வரிசைதான். ஓட்டிய வாரம் முழுவதும் எனக்கு ஒரு வலி, குடைச்சல் கிடையாது.

மனைவி வண்டியை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "எடது காலுக்கு வேலையே இல்லன்னு சொன்னியள்ல?" என்றாள்.

"ஆமா. அதுக்கு?"

"சாவியத் தாங்க."

சம்பந்தி வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "மதினி, இம்புட்டுப் பெரிய வண்டிய எப்படி..." என்று சம்பந்தியம்மா கையைப் பிடித்தார். அவள் பலகையில் ஏறி, ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பிவிட்டு, என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கோயில் மாடவீதியை ஒரு சுற்று சுற்றினாள். முதல் திருப்பத்தில் நான் கைப்பிடியைப் பிடித்தேன். இரண்டாவது திருப்பத்தில் விட்டுவிட்டேன். நான் மூன்று தடவை முன்னும் பின்னும் போகிற இடத்தில் அவள் ஒரே வளைப்பில் திருப்பினாள். "வலிக்கா?" என்று கேட்டேன். "பேசாம வாங்க" என்றாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல வேளை, அவள் சாலையைப் பார்த்து ஓட்டுகிறவள்.

மகள் முன்சீட்டில் ஏறினாள். நடுவரிசையை அவள் பெட்டிகளும் சீர்த் தட்டுகளும் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்தது கடைசி வரிசை. முழங்கால் முகவாயில் இடிக்க, மடியில் புளியோதரைத் தூக்குவாளியோடு நான் அதில் அடைந்துகொண்டேன். அந்த இடத்தில் போன வாரம் யார் உட்கார்ந்திருந்தார், என்ன ஆனார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வேகத்தடையில் என் தலை கூரையில் முட்டியது. முன்னால் இருவரும் அப்படி ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், குழந்தைக்கு எந்தப் பக்கத்து மூக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் தூக்கின் மூடி திறந்துகொண்டது. "அம்மாடி!" என்றேன். மகள் கை நிறைய வளையல் குலுங்கத் திரும்பி, "என்னப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஒங்கம்மா நல்லா ஓட்டுதா" என்றேன்.

பாளையங்கோட்டையை நெருங்கும்போது மைத்துனன் கூப்பிட்டான். வண்டி முழுவதும் அவன் குரல் கேட்டது. "அத்தான், வண்டி எப்படி? அக்காவுக்குச் சரிப்படுமா? இல்ல, வேற ஆளுக்குச் சொல்லிரட்டுமா?"

அவனுக்குச் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. டீசல், தெருமுனை, மண்டிக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசி வரிசை. தொண்டையைச் செருமினேன். அதற்குள் மனைவி பேசிவிட்டாள்.

"ஒங்கத்தான் பின்னால தூளாக் கெடக்காவ. யாருக்கும் சொல்லாத. வண்டிய நான் எடுத்துக்கிடுதேன்."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வேகத்தடை வந்துவிட்டது.