நாற்பதாவது நாய்

என் முட்டாள்தனத்துக்கு நானே மணி அடித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மணி நிஜமாகவே அடித்தது. மலாக்காவில் நான் வேலை பார்த்த நாய்-பூனை கிளினிக்கில் ரத்த அணுக்களை எண்ண ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. வெள்ளை அணுக்களில் ஐந்து வகை, பெட்டியில் ஐந்து பொத்தான். கண் மைக்ராஸ்கோப்பில், விரல் பொத்தானில். நூறு ஆனதும் 'டிங்' என்று ஒரு மணி. இப்போது அந்த வேலையை மெஷின் செய்கிறது. பெட்டி என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

கிளினிக்கை நடத்திய டாக்டரம்மா யாழ்ப்பாணத்து வழிவந்தவர். வார்த்தையையும் மருந்து மாதிரி அளந்துதான் கொடுப்பார். புத்தகத்தில் இருப்பது குளிர் தேசத்து நாய்களின் கணக்கு. வெயிலிலும் உண்ணியிலும் வளரும் நம் ஊர் நாய்க்குச் சரியான அளவு எது என்று பார்க்க, நோயில்லாத நாற்பது நாய்களைத் தேடிப்பிடித்து ரத்தம் எடுக்கச் சொன்னார். "ஒரு எண் பொய்யெண்டாலும், வருத்தக்கார நாயை நல்ல நாய் எண்டு வீட்டுக்கு அனுப்பிப்போடுவம் தம்பி." அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

தோட்டத்து லயம், தஞ்சோங் கிளிங் மீன்பிடிப் படகுத்துறை என்று அலைந்து முப்பத்தொன்பது வரை ஒழுங்காகத்தான் எடுத்தேன். முப்பத்தொன்பதாவது நாய் என் பின்பக்கத்தில் தன் அபிப்பிராயத்தைப் பதித்து அனுப்பியது. அதனால் நாற்பதாவதை நின்றபடியே நான் படைத்தேன். ஊர் குருபோங், ஆண், நாலு வயது, கறுப்பு, இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை. பக்கத்து அறையில் டாக்டரம்மாவுக்குக் கேட்கட்டுமே என்று மைக்ராஸ்கோப் விளக்கைக்கூடப் போடாமல் பொத்தான்களை நூறு தடவை தட்டினேன். அறுபத்தாறு, இருபத்துநாலு, ஆறு, நாலு, சைபர். டிங். கோயிலில் மணி அடிப்பது கூப்பிடுவதற்குத்தான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அது கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தது. கறுப்பு. இடது முன்னங்கால் வெள்ளை. உச்சி வெயிலில் நாக்கைத் தொங்கப்போடாமல் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. உள்ளே கூண்டுகளில் குரைத்துக்கொண்டிருந்தவையெல்லாம் ஒரேயடியாக அடங்கிவிட்டன. டாக்டரம்மா என் தாளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "உம்மட நாற்பது வந்திருக்கு. இன்னொருக்கா எடும்."

அது தானாகவே மேஜையில் ஏறிக் காலை நீட்டியது. ஊசிக்கு அசையவில்லை. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய் என் கையில் ஐஸ் கச்சாங் கிண்ணம் மாதிரி சில்லிட்டது. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி மாற்றி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு போய்க் கை கழுவினார். என் திருட்டு பிடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் எண்ணினேன். அறுபத்தாறு, இருபத்துநாலு, ஆறு, நாலு, சைபர். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை மணி அடித்ததும் எட்டிப் பார்த்தேன். மேஜை காலி. "போயிட்டுது" என்றார். குருபோங்கில் வீடு வீடாக விசாரித்தேன். "அப்படி ஒரு நாய் இங்க இல்லலா தம்பி. நீ சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டார் ஓர் அக்கா.

நம் ஊர் நாய்க்குச் சரியான அளவு இது என்று டாக்டரம்மா கணக்குப் போட்டு எழுதிய அட்டவணை சுவரில் ஏறியது. அதைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று அனுப்பிய ஒவ்வொரு நாய்க்கும் என் பொய்தான் எமனாகப் போகிறதோ என்று பயந்து, அதன் வீட்டுக்கு போன் போட்டு, நாய் சாப்பிட்டதா என்று கேட்பேன். என்ன அக்கறையான பிள்ளை என்று தீபாவளிக்கு முறுக்கு டின்னெல்லாம் வந்தது.

போன மாதம், தஞ்சோங் கிளிங்கில் ஓய்வில் இருக்கும் டாக்டரம்மாவின் முன்னால் அந்தப் பெட்டியை வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். நாய் பொய், எண் பொய், இத்தனை வருஷமாக அந்த அட்டவணையே பொய் என்றேன். பேசப் பேச, பழக்கதோஷத்தில் என் விரல் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. நூறு ஆவதற்குள் அவர் பெட்டியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாற்பதை நான் கணக்கில சேர்க்கேல்லைத் தம்பி, அதுக்கு நெஞ்சு துடிக்கேல்லை."